கிட்னி மாற்றுக்குப் பிறகு எதிர்ப்பு சக்தியை அடக்கும் மாத்திரைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் அக்கா கொடுத்த கிட்னியோடு இது எனக்கு 12-ஆவது வருடம். வீடு மதுரை செல்லூரில். செக்கப் நாளில் ஓ.பி. பெஞ்சில் எப்படியும் இரண்டு மணி நேரம் உட்கார வேண்டியிருக்கும். பக்கத்தில் உசிலம்பட்டிக்காரர் இருப்பார், மேலூர்க்காரர் இருப்பார், ராமநாதபுரத்திலிருந்து விடிகாலை பஸ் பிடித்து வந்த அம்மா இருப்பார். டாக்டரிடம் கேட்கத் தயங்குகிற கேள்வியெல்லாம் அந்த பெஞ்சில்தான் வெளியே வரும். "அண்ணே, இந்த மாத்திரையாலேயே வேற நோய் வரும்ங்கிறாங்களே, நெசமா?" என்று கேட்பார்கள். இத்தனை வருடமாக வாயால் சொல்லி வந்த பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

நான் டாக்டர் இல்லை. என் டாக்டர்கள் சொல்லித் தந்ததும் நான் பட்டுத் தெரிந்துகொண்டதும்தான் இதில் இருக்கிறது. மாத்திரையைக் கூட்டுவது, குறைப்பது, நிறுத்துவது எல்லாம் உங்களைப் பார்க்கும் டாக்டர் கையில்.

எதிர்ப்பு சக்தி நல்லதுதானே? அதை ஏன் அடக்க வேண்டும்?

வீட்டுக்குக் காவல் இருக்கும் நாயை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டு ஆட்களின் வாடை அதற்குத் தெரியும். திருடன் வந்தால் பாயும். ஒருநாள் புது மருமகள் வருகிறாள். நாய்க்கு அவளும் அந்நியம்தான், குரைக்கும், கடிக்கவும் போகும். நம் ரத்தத்தில் இருக்கும் வெள்ளை அணுக்கள், அதிலும் டி செல் என்பவை, அப்படித்தான். மாற்றி வைத்த கிட்னியின் மேலிருக்கும் அடையாளம் நம்முடையது இல்லை என்று தெரிந்ததும் அதைத் தாக்க ஆரம்பிக்கும். இதைத்தான் ரிஜெக்‌ஷன் என்கிறார்கள்.

மாத்திரை அந்த நாயைக் கொல்வதில்லை, குரலை அடக்கி வைக்கிறது. ஆனால் அடக்கிய நாய் திருடன் வந்தாலும் மெதுவாகத்தான் குரைக்கும். இந்த மருந்துகளின் பக்கவிளைவுகளில் பாதி இந்த ஒரே இடத்திலிருந்துதான் வருகிறது. கிருமி உள்ளே வருவது சுலபமாகிறது, வந்த பிறகு உடம்பு சத்தம் போடுவதும் குறைகிறது. இரண்டாவதுதான் எனக்கு அதிக பயம். நமக்கு நிமோனியா வந்தால்கூடக் காய்ச்சல் லேசாகத்தான் இருக்கும்.

அம்மா கொடுத்த கிட்னிதானே? சொந்த ரத்தத்தையும் உடம்பு எதிர்க்குமா?

எதிர்க்கும். அம்மாவின் அடையாளத்தில் பாதிதான் நம்மிடம் இருக்கிறது, மறுபாதி அப்பாவுடையது. கூடப் பிறந்தவர்களில் சிலருக்கு முழுதாகப் பொருந்தும், சிலருக்குக் கொஞ்சமும் பொருந்தாது. முழுதாகப் பொருந்தியவர்களுக்கும் மாத்திரை உண்டு. ஒரே கருவிலிருந்து வந்த இரட்டையர் மட்டும் விலக்கு. 1954-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜோசப் முர்ரே என்ற டாக்டர் செய்த முதல் வெற்றிகரமான கிட்னி மாற்று அப்படிப்பட்ட இரட்டைச் சகோதரர்களுக்குள் நடந்ததுதான். அடக்கும் மருந்தே இல்லாமல் அந்தக் கிட்னி வேலை செய்தது. நம் நாட்டில் 1971-ல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் செய்தபோது மருந்து வந்துவிட்டது. அன்று கையில் இருந்தது அசாதயோப்ரினும் ஸ்டீராய்டும்தான்.

என்னென்ன மாத்திரை தருகிறார்கள்? ஒவ்வொன்றும் என்ன செய்யும்?

பெரும்பாலானவர்களுக்கு மூன்று. டாக்ரோலிமஸ், மைக்கோஃபினலேட், பிரெட்னிசோலோன்.

டாக்ரோலிமஸ்தான் தூண் மாதிரி. பெஞ்சில் எல்லோரும் "டாக்ரோ" என்பார்கள். கை நடுக்கம், சர்க்கரை ஏறுவது, பி.பி., முடி கொட்டுவது, ரத்தத்தில் பொட்டாசியம் கூடி மெக்னீசியம் குறைவது எல்லாம் இதன் வேலை. அளவு மிஞ்சினால் காப்பாற்ற வேண்டிய கிட்னியையே கெடுக்கும். எனக்கு முதல் வருடம் டீ கிளாஸை ஒரு கையால் பிடிக்க முடியாது. பாங்கில் பணம் எடுக்கப் போனால் கையெழுத்து பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள், பிறகு புதுக் கையெழுத்து பதிந்து கொடுத்தேன். அளவு குறைந்ததும் நடுக்கமும் குறைந்தது.

டாக்ரோவுக்குப் பதில் சிலர் சைக்ளோஸ்போரின் சாப்பிடுகிறார்கள். அதில் முடி கொட்டாது, வேண்டாத இடத்திலெல்லாம் வளரும். ஈறு தடித்துப் பல்லை மூடும். மைக்கோஃபினலேட்டில் வயிற்றுப்போக்கும் வெள்ளை அணு குறைவதும் முக்கியம். பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு முகத்தை ஊத வைக்கும், பசியைக் கிளப்பும், சர்க்கரையை ஏற்றும், எலும்பைத் தேய்க்கும், கண்ணில் புரை வரவழைக்கும். சிரோலிமஸ் சாப்பிடுபவர்களுக்கு வாய்ப்புண் வரும், காயம் ஆறத் தாமதமாகும். அதனால் ஆபரேஷன் என்றால் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

இதில் என்னை ஆச்சரியப்படுத்தும் விஷயம் ஒன்று உண்டு. டாக்ரோலிமஸை 1984-ல் ஜப்பானின் சுகுபா பகுதி மண்ணில் இருந்த நுண்ணுயிரிலிருந்து எடுத்தார்கள். சைக்ளோஸ்போரின் நார்வே நாட்டு மண்ணில் கிடைத்த பூஞ்சையிலிருந்து வந்தது. சிரோலிமஸ் ஈஸ்டர் தீவு மண்ணிலிருந்து. நம் உயிரைக் காக்கும் மருந்து மண்ணிலிருந்து வருகிறது, நாம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டியதும் மண்ணிடம்தான். அதைக் கீழே சொல்கிறேன்.

"டாக்ரோ லெவல்" என்றால் என்ன? ஏன் மாத்திரை போடாமல் வரச் சொல்கிறார்கள்?

ரத்தத்தில் மருந்து எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் டெஸ்ட் அது. 12 மணி நேரத்துக்கு ஒருமுறை மாத்திரை போடுகிறோம். அடுத்த மாத்திரைக்குச் சற்று முன்னால் மருந்து எவ்வளவு கீழே இறங்கியிருக்கிறது என்பதுதான் டாக்டருக்கு வேண்டும். ராத்திரி 9 மணிக்குப் போட்டிருந்தால் காலை 9 மணிக்கு, மாத்திரை போடுவதற்கு முன் ரத்தம் கொடுக்க வேண்டும். முதல் மாதங்களில் மில்லிக்கு 8 முதல் 12 நானோகிராம், வருடம் தாண்டினால் 5 முதல் 8 என்பது பல இடங்களில் வைத்திருக்கும் எல்லை. உங்களுக்கு எவ்வளவு என்பதை உங்கள் டாக்டர் முடிவு செய்வார்.

ஒருமுறை உசிலம்பட்டியிலிருந்து வந்த பெரியவர் லேபில் கையை நீட்டி உட்கார்ந்துவிட்டார். ஊசி குத்தும் முன் நர்ஸ் கேட்டார், "மாத்திரை போட்டீங்களா ஐயா?" "பஸ்ஸுலயே போட்டுட்டேம்மா, நேரம் தவறக்கூடாதுன்னு சொன்னாங்களே" என்றார். நேரம் தவறாத மனிதர். ஆனால் அன்றைக்கு ரத்தம் எடுத்துப் பயனில்லை, மறுநாள் திரும்பி வந்தார். அதனால் மாத்திரையைச் சட்டைப் பையில் கொண்டு வாருங்கள், ரத்தம் கொடுத்துவிட்டு அங்கேயே போடுங்கள். கடைசியாகப் போட்ட நேரத்தையும் லேபில் சொல்லுங்கள்.

காய்ச்சல் எவ்வளவு இருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்?

100.4 ஃபாரன்ஹீட், அதாவது 38 செல்சியஸ் தொட்டால் அன்றே, ராத்திரியானாலும். அது பொதுக்கணக்கு. என் கணக்கு இன்னும் கீழே. 99.5 இருந்து உடம்பு அசதி, பசியில்லை, மூச்சு வாங்குகிறது என்றால் நான் போன் செய்துவிடுவேன். ஸ்டீராய்டு காய்ச்சலை அமுக்கிக் காட்டும் என்பதால் தெர்மாமீட்டரை மட்டும் நம்ப முடியாது. பாரசிட்டமால் போட்டு இரண்டு நாள் பார்ப்போம் என்ற பழக்கம் நமக்கு ஆகாது. மாத்திரை போட்டுக் காய்ச்சலை இறக்கிவிட்டால் டாக்டருக்குக் கிடைக்கும் ஒரே தடயமும் போய்விடும்.

எந்தக் காலத்தில் எந்த நோய்த்தொற்று வரும்?

முதல் மாதத்தில் ஆபரேஷன் காயம், சிறுநீர்க் குழாய், மருத்துவமனைக் கிருமிகள். அதன்பின் ஆறு மாதம் வரை மருந்தின் அழுத்தம் அதிகமாக இருக்கும் காலம். சைட்டோமெகலோ வைரஸ், அதாவது சி.எம்.வி., தலை தூக்குவது அப்போதுதான். இது நம்மில் அநேகம் பேருக்குள் சின்ன வயதிலிருந்தே தூங்கிக்கொண்டிருக்கும் வைரஸ். காவல் தளர்ந்ததும் எழுந்து காய்ச்சல், வயிற்றுப்போக்கு, வெள்ளை அணு குறைவு என்று காட்டும். நியூமோசிஸ்டிஸ் என்ற பூஞ்சையால் வரும் நிமோனியாவும் இந்தக் காலத்துக்குரியது. அதைத் தடுக்கத்தான் செப்ட்ரான் வகை மாத்திரையையும், சி.எம்.வி.க்கு வால்கான்சைக்ளோவிரையும் சில மாதம் தருகிறார்கள். "இது கிட்னி மாத்திரை இல்லையே" என்று இவற்றை விட்டுவிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து விடாதீர்கள்.

சிறுநீர்த் தொற்று எந்த வருடமும் வரலாம், பெண்களுக்கு அதிகம்.

டி.பி.யைத் தனியாகச் சொல்ல வேண்டும். நம் நாட்டில் எத்தனையோ பேர் உடம்பில் அந்தக் கிருமி அடங்கிக் கிடக்கிறது. நமக்கு அது இருமலோடுதான் வரும் என்றில்லை. நெறிகட்டு, குறையாத லேசான காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது என்று வரும். அரசு மருந்து இலவசமாகக் கிடைக்கிறது, குணமாகிற நோய்தான். ஆனால் அதில் இருக்கும் ரிஃபாம்பிசின் டாக்ரோவை உடம்பிலிருந்து வேகமாக வெளியேற்றும், லெவல் சரசரவென்று இறங்கி ரிஜெக்‌ஷன் வந்துவிடும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் டி.பி. மருந்து எழுதினால், முதல் மாத்திரை விழுங்குவதற்கு முன் கிட்னி டாக்டருக்குச் சொல்லுங்கள். டாக்ரோவைப் பல மடங்கு கூட்டுவார், அல்லது வேறு மருந்து மாற்றுவார்.

அக்கி வந்தால் எழுதிக்கொள்ளலாமா?

நம் பக்கத்தில் இந்தக் கேள்வி அதிகம் வரும், பதில் அவசரமானது. சின்ன வயதில் அம்மை போட்ட வைரஸ் நரம்புக்குள் ஒளிந்திருந்து, எதிர்ப்பு சக்தி குறையும்போது நரம்பு வழியாகக் கொப்புளமாக வெளியே வருவதுதான் அக்கி. கிட்னி மாற்றியவர்களுக்கு இது சகஜம். எனக்கு நான்காவது வருடம் வலது விலாவில் வந்தது. முதல் நாள் தோலில் ஒன்றுமே இல்லை, சட்டை பட்டாலே எரிந்தது. மறுநாள் காலையில் கடுகு இறைத்த மாதிரி ஒரு வரிசை. அம்மா உடனே, குயவர் வீட்டில் காவி குழைத்து எழுதிக்கொண்டு வரலாம் என்றார். நான் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

கொப்புளம் தெரிந்த 72 மணி நேரத்துக்குள் வைரஸுக்கான மாத்திரை ஆரம்பித்தால்தான் பலன் அதிகம். தாமதமானால் நமக்கு அது உடம்பெங்கும் பரவலாம், கண்ணுக்குப் போகலாம், ஆறிய பிறகும் மாதக்கணக்கில் வலி நிற்கலாம். உடைந்த கொப்புளத்தின் மேல் மண் படுவதும் நமக்கு ஆகாது. பரம்பரை நம்பிக்கையை நான் குறை சொல்லவில்லை. முதலில் மருந்து, புண் காய்ந்த பிறகு சாமி கும்பிட்டுக்கொள்ளலாம்.

வீட்டில் பிள்ளைக்கு அம்மை போட்டிருந்தால் அதே அவசரம். வேப்பிலை கட்டி, தண்ணீர் ஊற்றும் நாள் பார்த்து, டாக்டரிடம் போகாமல் இருப்பது ஊர் வழக்கம். கிட்னி மாற்றியவர், அதிலும் சின்ன வயதில் அம்மை போடாதவர், அன்றே டாக்டருக்குப் போன் செய்துவிட்டு வேறு வீட்டுக்கு மாறிக்கொள்ள வேண்டும். தொற்று பட்ட முதல் சில நாட்களில் தடுப்பு மருந்து கொடுக்க வழியிருக்கிறது.

சளிக்கு, வலிக்கு பக்கத்து கிளினிக்கில் மருந்து வாங்கலாமா?

என் வாழ்க்கையில் நடந்த தப்பு இது. ஆறாவது வருடம், பத்து நாளாக இருமல். வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிளினிக்கில் ஐந்து நாளுக்கு கிளாரித்ரோமைசின் எழுதினார்கள். நான் கிட்னி மாற்றியவன் என்று சொன்னேன். டாக்ரோ சாப்பிடுவதைத் தனியாகச் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் கை நடுங்கியது, தலை வலித்தது, சட்டை பட்டன் போட முடியவில்லை. லெவல் பார்த்தால் 20-க்கு மேல். வழக்கமாக 6. கிட்னி சுணங்கினால் ரத்தத்தில் ஏறும் கழிவான கிரியாட்டினின் 1.2-லிருந்து 2.1. மருந்தை நிறுத்தி, டாக்ரோவைக் குறைத்து, பழைய நிலைக்கு வர இரண்டு வாரம் ஆனது.

கல்லீரலும் குடலும் டாக்ரோவை உடைக்க ஒரே ஒரு வழியைத்தான் பெரும்பாலும் பயன்படுத்துகின்றன. அந்த வழியை அடைக்கும் மருந்து வந்தால் டாக்ரோ தேங்கும். கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின், பூஞ்சைக்குத் தரும் ஃப்ளுகோனசோல், வோரிகோனசோல், பி.பி.க்குத் தரும் டில்டியாசெம் எல்லாம் அந்த ரகம். டில்டியாசெமை டாக்டர்களே கணக்குப் போட்டு டாக்ரோவைக் குறைப்பதற்காகச் சேர்த்து எழுதுவதும் உண்டு. அப்படி எழுதியிருந்தால் அதை நீங்களாக நிறுத்தினால் லெவல் விழுந்துவிடும். வழியை அகலமாக்கும் மருந்துகள் எதிர்ப்பக்கம். ரிஃபாம்பிசின், வலிப்புக்குத் தரும் ஃபெனிட்டாயின்.

மூட்டுவலிக்கு டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் வகை மாத்திரையும் ஊசியும் கிட்னிக்கே ஆகாது. வாயுத் தொல்லை மாதிரி யூரிக் ஆசிடும் பெஞ்சில் அடிக்கடி வரும் பேச்சு. அசாதயோப்ரின் சாப்பிடுகிறவருக்கு அதற்காக அலோபியூரினால் கொடுத்தால் வெள்ளை அணு ஆபத்தான அளவுக்கு விழும்.

மாத்திரைப் பெயர்களை ஒரு அட்டையில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிப் பர்ஸில் வையுங்கள். யாரிடம் போனாலும் வாயைத் திறக்கும் முன் அட்டையை நீட்டுங்கள்.

நிலவேம்பு, சீந்தில், கபசுரக் குடிநீர் எதிர்ப்பு சக்தியைக் கூட்டுமாமே?

கூட்டும் என்று சொல்லித்தானே தருகிறார்கள்? நாம் மாத்திரை போட்டு அடக்கி வைத்திருப்பதே அந்த சக்தியைத்தான். டெங்குக் காலத்தில் அரசே நிலவேம்புக் குடிநீர் கொடுத்தது, மற்றவர்கள் குடிக்கட்டும். கிட்னி மாற்றியவர் டாக்டரைக் கேட்காமல் குடிக்கக்கூடாது. சீந்திலால் கல்லீரல் பாதித்தவர்கள் உண்டு என்று மருத்துவ இதழ்களில் வந்திருக்கிறது. பாரம்பரிய மருத்துவத்தின் மேல் எனக்கும் மரியாதை உண்டு. இந்த ஒரு நிலையில் அது நமக்குப் பொருந்தவில்லை, அவ்வளவுதான். "இம்யூனிட்டி பூஸ்டர்" என்று டப்பாவில் எழுதியிருக்கும் எதுவும் வீட்டுக்குள் வர வேண்டாம்.

சாப்பாட்டில் என்ன கவனம்?

சூடாகச் சமைத்த வீட்டுச் சாப்பாடு எல்லாம் சாப்பிடலாம். கறி, மீன் நன்றாக வெந்திருக்க வேண்டும், முட்டை கலங்காமல் கெட்டியாக. காய்ச்சாத பால் கூடாது, காய்ச்சி வீட்டில் உறை ஊற்றிய தயிர் தாராளமாகச் சாப்பிடலாம். ரோட்டோரம் வெட்டி வைத்த பழம், தண்ணிச் சட்னி, கரும்புச் சாறு வேண்டாம். ஜிகர்தண்டா கேட்காதவர் யாருமில்லை. முதல் வருடம் தொடாதீர்கள். அப்புறம் பார்த்தாலும், ஐஸ் எந்தத் தண்ணீர் என்பதும் அதிலிருக்கும் சர்க்கரையும் இரண்டு தனிக் கவலைகள். டாக்ரோவும் ஸ்டீராய்டும் சேர்ந்து, முன்பு சர்க்கரை இல்லாதவருக்கும் சர்க்கரை நோய் வரவழைக்கும். எனக்கு எட்டாவது மாதம் வந்தது.

பம்பளிமாசு வேண்டவே வேண்டாம். கிளாரித்ரோமைசின் செய்த அதே வேலையை அந்தப் பழமும் செய்யும். டயாலிசிஸ் காலத்தில் இளநீருக்கு ஏங்கியவர்கள் மாற்று முடிந்ததும் தினம் இரண்டு குடிக்கிறார்கள். டாக்ரோ பொட்டாசியத்தை ஏற்றும் மருந்து, ரிப்போர்ட்டில் பொட்டாசியத்தைப் பார்த்துவிட்டுக் குடியுங்கள்.

சித்திரைத் திருவிழாவுக்குப் போகலாமா? கோயில் தீர்த்தம்?

முதல் வருடம் அழகர் ஆற்றில் இறங்குவதை டி.வி.யில் பாருங்கள். மதுரையில் பிறந்தவனுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். வைகைக்கரை ஜன நெரிசல், புழுதி, தோல்பையில் எந்தத் தண்ணீரையோ நிரப்பி முகத்தில் பீய்ச்சுவது எல்லாம் சேர்ந்து வேண்டாம். பிறகு வரும் வருடங்களில் மாஸ்க் போட்டு, கூட்டம் இல்லாத மண்டகப்படியில் தள்ளி நின்று பார்க்கலாம். நான் அப்படித்தான் பார்க்கிறேன். தீர்த்தத்தைக் கண்ணில் ஒற்றித் தலையில் தெளித்துக்கொண்டால் போதும், பட்டர் தப்பாக நினைக்கமாட்டார்.

தோட்டவேலை, வயல்வேலை செய்யலாமா?

திருமங்கலம் பக்கம் மல்லிகை போட்டிருக்கும் ஒருவர் இதைக் கேட்டார். விடியும் முன் பூ எடுக்கப் போகாவிட்டால் அவர் வீட்டில் அடுப்பு எரியாது. அவரிடம் போய் "மண்ணைத் தொடாதே" என்று சொல்வதில் அர்த்தமில்லை. மண்ணில் நோகார்டியா போன்ற கிருமிகளும் பூஞ்சைகளும் உண்டு, வெறுங்காலில் நடந்தால் தோல் வழியே ஏறும் புழுவும் உண்டு. அவர் டாக்டர் ஆறு மாதம் முழுதாக நிறுத்தச் சொன்னார், பிறகு சில கட்டுப்பாடுகளோடு அனுமதித்தார். முழங்கால் வரை பூட்ஸ், கையுறை, மாஸ்க். எருக்குழி பக்கமே போவதில்லை. மருந்தடிக்கும் நாளில் தம்பி போகிறான். முள் குத்தினால் அன்றே கழுவி, கட்டி மாதிரி எழும்பினால் காட்ட வேண்டும். நாற்றங்காலில் தேங்கிய தண்ணீரில் இறங்க வேண்டாம், எலிக்காய்ச்சல் அங்கேதான் காத்திருக்கிறது.

கிரியாட்டினின் ஏறினால் ரிஜெக்‌ஷன்தானே? மாத்திரையைக் கூட்டினால் சரியாகுமா?

இந்த இடத்தில் தவறாக யோசித்தால் கிட்னியே போய்விடும். கிரியாட்டினின் ஏற ரிஜெக்‌ஷன் ஒரு காரணம். டாக்ரோ அதிகமாகி ஏறலாம். தண்ணீர் குறைந்து ஏறலாம், மதுரை மே மாத வெயிலில் அது நடக்கிறது. பி.கே. வைரஸ் என்று ஒன்றும் இருக்கிறது. 1971-ல் ஒரு கிட்னி மாற்று நோயாளியிடம் கண்டுபிடித்து, அவர் பெயரின் முதலெழுத்துகளையே வைத்தார்கள். எதிர்ப்பு சக்தி அதிகம் அடங்கினால் இது கிட்னிக்குள் வளரும். ரிஜெக்‌ஷனுக்கு மருந்தைக் கூட்ட வேண்டும், பி.கே.வுக்குக் குறைக்க வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல, வலியே இல்லாமல், ஒரு எண் ஏறுவதாக மட்டும் தெரியும். மாற்றிச் செய்தால் நிலைமை இன்னும் மோசமாகும். பிரித்துச் சொல்ல பயாப்ஸியும், அதாவது கிட்னியிலிருந்து ஊசியால் துளி சதை எடுத்துப் பார்ப்பதும், வைரஸ் டெஸ்ட்டும் வேண்டும். பயாப்ஸி என்றதும் பயந்து வீட்டுக்கு ஓடியவர்களை எனக்குத் தெரியும். ஊசி குத்தும் இடத்தை மரக்கவைத்துத்தான் செய்கிறார்கள், பிறகு சில மணி நேரம் படுத்திருக்க வேண்டும்.

எட்டு வருடம் ஆகிவிட்டது, உடம்பு பழகியிருக்குமே. மாத்திரையைக் குறைக்கலாமா?

உடம்பு பழகுவதில்லை. எட்டு வருடம் அமைதியாக இருப்பதற்குக் காரணம் எட்டு வருடம் போட்ட மாத்திரை. பெஞ்சில் எனக்குப் பழக்கமான ஒரு தம்பி, முகம் ஊதுகிறது, கல்யாணத்துக்குப் பெண் பார்க்கிறார்கள் என்று ஸ்டீராய்டை முதலில் விட்டான், பிறகு மற்ற மாத்திரைகளையும் இரண்டு வேளையிலிருந்து ஒரு வேளையாகக் குறைத்தான். நாலு மாதம் ஒன்றுமே தெரியவில்லை. ஐந்தாவது மாதம் கால் வீங்கி வந்தபோது கிரியாட்டினின் 6. இப்போது வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். முகம் ஊதுவது அவனுக்கு நிஜமான வேதனை, அதை டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லியிருந்தால் ஏதாவது வழி பார்த்திருப்பார்கள். பக்கவிளைவை வெட்கப்படாமல் சொல்லுங்கள். அளவைக் குறைக்கவும் வேறு மருந்துக்கு மாற்றவும் அவர்களால் முடியும்.

ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்துவதில் இன்னொரு ஆபத்து. வெளியிலிருந்து கொடுத்துப் பழகியதால் உடம்பு தானாகச் சுரப்பதைக் குறைத்திருக்கும். நிறுத்தினால் பி.பி. விழுந்து மயக்கம் வரும், உயிருக்கே ஆபத்தாகலாம். கடும் வாந்தியில் மாத்திரை தங்காவிட்டால் ஊசியாகக் கொடுக்க வேண்டும், உடனே போங்கள்.

மாத்திரை மறந்துவிட்டால்?

சீக்கிரம் ஞாபகம் வந்தால் அப்போதே போடலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் அந்த வேளையை மட்டும் போடுங்கள், இரண்டையும் சேர்த்துப் போடக்கூடாது. மாதத்தில் இரண்டு தடவைக்கு மேல் மறந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள், லெவலைப் பார்த்து அவர் குழம்புவார். கடையில் வேறு கம்பெனி மாத்திரை கொடுத்தாலும் சொல்ல வேண்டும். ஒருநாளைக்கு ஒருமுறை போடும் டாக்ரோவும் இரண்டுமுறை போடுவதும் ஒன்றுக்கொன்று மாற்றாகாது.

வயிற்றுப்போக்கு என்றால் மாத்திரை உடம்பில் ஒட்டாதுதானே?

டாக்ரோ விஷயத்தில் நேர்மாறு. வயிற்றுப்போக்கில் அதன் லெவல் ஏறத்தான் செய்யும், கூடவே தண்ணீர்ச் சத்தும் குறையும். இரண்டும் சேர்ந்து கிட்னியை அடிக்கும். ஒரு நாளுக்கு மேல் நீடித்தால் போய்க் காட்டுங்கள்.

தடுப்பூசி போடலாமா?

உயிருள்ள கிருமியால் செய்த தடுப்பூசிகள் கூடாது. அம்மை, தட்டம்மை, வாய்வழி போலியோ சொட்டு எல்லாம் அதில் சேரும். செத்த கிருமியாலோ கிருமியின் ஒரு பகுதியாலோ செய்தவை போடலாம். வருடாவருடம் ஃப்ளூ ஊசி, டாக்டர் சொல்லும்போது நிமோனியா ஊசி போன்றவை. மஞ்சள்காமாலை பி ஊசியை மாற்றுக்கு முன்பே முடித்துவிடுவது நல்லது, பிறகு உடம்பு சரியாக ஏற்காது. பேரனுக்குப் போலியோ சொட்டு போட்டால் சில வாரம் அவனுக்குக் கால் கழுவிவிடும் வேலையை வேறு யாராவது செய்யட்டும்.

புற்றுநோய் வருமா?

வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். காவல் அணுக்கள் வைரஸை மட்டுமல்ல, கெட்டுப்போன செல்லையும் பிடித்து அழிப்பவை. நெறிகட்டில் வரும் லிம்ஃபோமா, தோல், பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய் ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். பெண்கள் டாக்டர் சொல்லும் இடைவெளியில் கர்ப்பப்பை வாயைப் பார்க்கும் பாப் ஸ்மியர் டெஸ்ட் எடுத்துக்கொள்ளுங்கள். ஆறாத புண், வளரும் மரு, வலிக்காத கட்டி மூன்றையும் காட்டாமல் வைத்திருக்காதீர்கள். புகையிலை, வெற்றிலையோடு போடும் பொடி எல்லாவற்றையும் விட்டுவிட வேண்டும்.

குழந்தை பெற்றுக்கொள்ள முடியுமா?

முடியும், பெற்றவர்களும் இருக்கிறார்கள். ஆனால் மாற்று முடிந்து குறைந்தது ஒரு வருடம் கிட்னி நிலையாக இருக்க வேண்டும். மைக்கோஃபினலேட் கருவில் ஊனம் உண்டாக்கும், கருத்தரிப்பதற்குக் குறைந்தது ஆறு வாரம் முன்பே அதை நிறுத்தி அசாதயோப்ரினுக்கு மாற்றுவார்கள். டாக்ரோவும் ஸ்டீராய்டும் தொடரும். இந்த மாற்றத்துக்கே நாள் வேண்டும் என்பதால், ஆசையை முதலில் டாக்டரிடம் சொல்லுங்கள். மாமியாரிடம் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.

கிட்னி கொடுத்தவருக்கும் இந்த மாத்திரை உண்டா?

இல்லை. அவர் உடம்பில் அந்நியமாக எதுவும் வைக்கவில்லை. வருடம் ஒருமுறை பி.பி., சிறுநீரில் புரதம், கிரியாட்டினின் பார்க்க வேண்டும், வலி மாத்திரையை அவரும் தவிர்க்க வேண்டும். ஆபரேஷன் முடிந்ததும் கொடுத்தவரை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள், அது எனக்கு மனதாகவில்லை. என் அக்காவின் செக்கப் தேதி என் மாத்திரை நோட்டிலேயே இருக்கிறது. இந்த வருடம் ஆவணியில் வருகிறது, நான்தான் கூட்டிப் போகிறேன்.